சேலத்திலிருந்து காசி வரை, ஊரை விட்டு நகராமல்: நன்கொடை திரட்டும் மெய்நிகர் நெடும்பயணத்தை நடத்த ஒரு முழு வழிகாட்டி

மெய்நிகர் நெடும்பயணத்தின் அடிப்படை ஒரு கூட்டல் கணக்குதான். அவரவர் தம் தெருவிலும் மைதானத்திலும் ஏரிக்கரையிலும் நடக்கிறார்கள். நடந்த கிலோமீட்டர்களையெல்லாம் கூட்டி, வரைபடத்தில் உள்ள ஒரு நீண்ட சாலையின்மேல் குழுவை நகர்த்துகிறோம். அந்த நகர்வைத் தொடர்ந்து பார்க்கும் உறவினரும் நண்பரும் ஒரு நற்பணிக்குப் பணம் தருகிறார்கள். சேலத்தில் இத்தகைய பயணத்தை மூன்று முறை நடத்தியிருக்கிறேன். வேறு குழுக்களுக்குக் கணக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நடக்கத் தெரியாமல் தடுமாறிய குழு எதையும் நான் பார்க்கவில்லை. வேலைகளின் வரிசையை மாற்றிக்கொண்டு தடுமாறிய குழுக்களைத்தான் பார்த்தேன்.

புதியவர்கள் பெரும்பாலும் சுவரொட்டி, பனியன், வரைபடம் என்று தொடங்குகிறார்கள். பணம் எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்ற கேள்வி, முதல் நன்கொடையாளர் தொலைபேசியில் அழைத்த பிறகே அவர்களுக்கு எழுகிறது. கீழே உள்ள வரிசை அதற்கு நேர்மாறானது: பணம் போகும் வழி முதலில், கால் போகும் வழி பிறகு. ஏழாம் படி முடியும்வரை யாரும் ஓர் அடிகூட நடக்க வேண்டியதில்லை. அந்த ஆயத்தத்துக்கு ஆறு வாரம் ஒதுக்குங்கள்.

1. மூன்று பேரைப் பிடியுங்கள்

ஒருவர் பணக் கணக்கைப் பார்க்க வேண்டும், ஒருவர் தூரக் கணக்கைப் பார்க்க வேண்டும், ஒருவர் தொடர்பாளராக நடப்பவர்களோடும் கொடுப்பவர்களோடும் பேச வேண்டும். குழு சிறியதாக இருந்தாலும் முதல் இரண்டு பொறுப்புகளை ஒருவரிடமே கொடுக்காதீர்கள். இரண்டும் ஒரே கையில் இருந்தால், நன்கொடை குறைந்த வாரத்தில் தூரத்தைக் கொஞ்சம் கூட்டிப் போடலாமா என்ற ஆசை நல்ல மனிதருக்கும் வரும். ஆள் வேறாக இருந்தால், ஒருவரிடம் இன்னொருவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் கேள்வியே போதுமான காவல்.

மூவருக்கும் மாற்றாள் ஒருவராவது வேண்டும். ஒரு குழுவில் விரிதாளின் கடவுச்சொல் ஒரே ஒருவரிடம் இருந்தது. அவர் வீட்டுத் துக்கத்துக்காக ஊருக்குப் போய்விட, பதினோரு நாள் காசிப் பயணம் தருமபுரியைத் தாண்டவில்லை.

2. பெறும் அமைப்பிடம் எழுத்தில் வாங்குங்கள்

யாருக்காகத் திரட்டுகிறோம் என்பது ஒரே வாக்கியத்தில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். “கல்விக்காக” என்றால் யாரும் கையை அசைப்பதில்லை. “ஏற்காட்டு மலைக்கிராமங்களிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் ஓராண்டு வண்டிச் செலவுக்காக” என்றால் எவ்வளவு என்று கேட்கிறார்கள். ஆகவே தொகையும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அமைப்பிடம் நான்கு செய்திகளை எழுத்தில் பெறுங்கள்: நீங்கள் அவர்கள் பெயரில் திரட்ட அவர்களுக்குச் சம்மதம், பணம் இந்த வேலைக்கு மட்டுமே செலவாகும், இலக்கைவிடக் கூடுதலாக வந்தால் எதற்குப் பயன்படும், செலவு செய்த விவரத்தை எந்த மாதத்தில் தருவார்கள். நான்காவதைக் கேட்கப் பலரும் கூச்சப்படுகிறார்கள். முதலில் கேட்காவிட்டால் பிறகு கேட்பது சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடும். முதல் நாளே கேட்டால் அது வெறும் நடைமுறை.

அமைப்புக்கு வருமான வரிச் சட்டப்படியான பதிவும், நன்கொடையாளருக்கு வரிக்கழிவு தரும் அங்கீகாரமும் இருக்கின்றனவா, அவை இப்போது காலாவதி ஆகாமல் இருக்கின்றனவா என்பதையும் சான்றிதழின் நகலைப் பார்த்து உறுதி செய்யுங்கள். வாய்ச்சொல்லை மட்டும் நம்பிச் சுவரொட்டியில் “வரிவிலக்கு உண்டு” என்று அச்சிட்டுவிட்டால், அந்தச் சொல்லுக்கு ஊரார் முன்னால் பொறுப்பு உங்களுடையதாகிவிடும்.

3. பணம் வரும் வழியை முடிவு செய்யுங்கள்

இந்தப் படியில்தான் அதிகமானவர்கள் விழுகிறார்கள். ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

பணம் அமைப்பின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். “முதலில் என் எண்ணுக்கு ஜிபே செய்துவிடுங்கள், மொத்தமாகக் கட்டிவிடுகிறேன்” என்பது நல்லெண்ணத்தில் பிறந்த மிக மோசமான ஏற்பாடு. உங்கள் சொந்தக் கணக்கில் லட்சக்கணக்கில் வந்துபோகும் பணத்துக்கு நாளை விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள். அதைவிட முக்கியமாக, அமைப்பின் பார்வையில் நன்கொடையாளர் நீங்கள் ஒருவர்தான். உண்மையில் கொடுத்தவர்களுக்கு ரசீது எழுத அவர்களால் இயலாது.

அமைப்பின் கியூஆர் குறியை அவர்களிடமே கேட்டு வாங்கி, பத்து ரூபாய் அனுப்பி, திரையில் வரும் பெயர் சரிதானா என்று பார்த்த பிறகே பரப்புங்கள். குறி யாரோ அனுப்பிய படத்திலிருந்து வெட்டியதாக இருக்கக் கூடாது.

அதே கணக்குக்கு வேறு நன்கொடைகளும் வந்துகொண்டிருக்கும் என்பதால், உங்கள் பயணத்துக்கு வந்தது எது என்று பிரித்தறிய ஓர் அடையாளம் வேண்டும். குறிப்பு எழுதச் சொன்னால் பாதிப் பேர் எழுதுவதில்லை. எங்களுக்குக் கைகொடுத்தது தொகையின் கடைசி இலக்கம். மொய்ப் பழக்கத்தால் நம் ஊரில் எல்லாரும் 101, 501 என்றே கொடுப்பார்கள். ஆகவே ஒன்றில் முடிவது அடையாளமாகாது. நாங்கள் மூன்றில் முடியச் சொன்னோம்: 103, 503, 1,003. வங்கிப் பட்டியலில் கண்ணை ஓட்டினாலே நம்முடையவை தெரிந்துவிடும்.

பணம் வந்தது என்பதற்குச் சான்று வங்கிப் பட்டியல் மட்டுமே. வாட்ஸ்ஆப்பில் வரும் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) சான்றாகாது; தோல்வியடைந்த பரிவர்த்தனையின் படத்தை நல்ல மனத்தோடு அனுப்பியவர்கள் உண்டு. யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணை வாங்கி, வாரம் ஒருமுறை அமைப்பின் கணக்கரிடம் ஒத்துப் பாருங்கள். வாரந்தோறும் எந்தக் கிழமையில் பட்டியல் தருவார் என்பதை அவரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

வரி பற்றி நன்கொடையாளர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதாம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் இருந்த நன்கொடைக் கழிவு, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொகைக்குக் கிடைக்காது. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் அது கிடைக்காது. அமைப்பு நிதியாண்டு முடிந்தபின் மே 31க்குள் நன்கொடை விவரத்தைத் தாக்கல் செய்து 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 10பிஇ எனப்பட்ட சான்றிதழைத் தர வேண்டும். அதற்குக் கொடுத்தவரின் பெயர், முகவரி, பான் போன்ற அடையாள எண் தேவை. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. எந்த எண்ணை அச்சிடுவது என்பதை அமைப்பின் ஆடிட்டரிடம் கேட்டு அச்சிடுங்கள்.

“என் பெயரைப் போட வேண்டாம்” என்று சொல்பவருக்கு ஒரு வேறுபாட்டை விளக்க வேண்டியிருக்கும். வெளியிடும் பட்டியலில் பெயரை மறைக்கலாம். அமைப்பின் பதிவேட்டில் மறைக்கக் கூடாது. பெயரே தெரியாத நன்கொடைகள் ஓர் அளவுக்கு மேல் போனால் அறக்கட்டளைக்கு அவற்றின்மேல் வரி விழும்.

வெளிநாட்டில் இருக்கும் சேலத்துக்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், கொடுப்பது வெளிநாட்டு நன்கொடையே. அதைப் பெற அமைப்புக்கு 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவும், அதற்கென டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்கும் வேண்டும். அது இல்லாத அமைப்பென்றால், “தங்கள் அன்புக்கு நன்றி, இந்த வழியில் பெற இயலாது” என்று எழுதி வைத்த ஒரு பதிலைத் தயாராக வைத்திருங்கள். சித்தப்பா மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்புகிறான் என்ற ஆசையில் பதிவு இல்லாத கணக்குக்கு வாங்கிவிட்டால், சிக்கல் அமைப்பின் தலையில் விழும்.

4. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

சேலத்தில் ஏப்ரலும் மே மாதமும் நடப்பவரை வாட்டிவிடும். அக்டோபர், நவம்பர் மழை நாட்களைக் கொண்டுபோய்விடும். மார்ச்சில் வீட்டுக்கு வீடு தேர்வு. பொங்கல் முடிந்த பின் தொடங்கி முப்பது நாள் என்பது எங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒத்துவந்தது. பிப்ரவரி இறுதிக்குள் முடித்தால், மார்ச் 31க்கு முன்பே நன்கொடைகள் எல்லாம் கணக்கில் ஏறி, ரசீதுகளும் ஒரே நிதியாண்டுக்கு உரியவையாக அமைந்துவிடும்.

முப்பது நாளுக்கு மேல் இழுக்காதீர்கள். நடப்பவர் சலிப்பதற்கு முன்பே பார்ப்பவர் சலித்துவிடுவார்.

இந்த மாதங்களில்தான் தைப்பூசம் வருகிறது. எடப்பாடிப் பக்கத்திலிருந்து பழனிக்குக் காவடியோடு நடப்பவர்கள் உங்கள் குழுவிலும் இருப்பார்கள், அந்தத் தூரத்தைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். நடை நடைதான், தொடக்க நாளுக்குமுன் பதிவு செய்திருந்தால் சேர்க்கலாம் என்பது எங்கள் விதி. ஆனால் நேர்த்திக்கடனாக நடப்பதை வேறு கணக்கில் எழுத விரும்பாதவர்களும் உண்டு. அவர்களை வற்புறுத்த வேண்டாம்.

5. தூரத்தைக் கணக்கிட்டபின் பாதையைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காஷ்மீர் என்று பெயர் வைத்துவிட்டு, பிறகு ஆள் தேடுகிறார்கள். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரையிலான தேசிய நெடுஞ்சாலை 44இன் நீளம் ஏறக்குறைய 3,750 கிலோமீட்டர். சேலத்திலிருந்து வடக்கே போனாலும் மூவாயிரத்துக்கு மேல் நடக்க வேண்டும். முப்பதாம் நாள் நாக்பூரில் நிற்கும் குழுவுக்கு யாரும் மாலை போடுவதில்லை.

கணக்கு இப்படி. 45 பேர் பதிவு செய்கிறார்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 4 கிலோமீட்டர், 30 நாள் என்றால் தாளில் வருவது 5,400. அதை நம்பாதீர்கள். காய்ச்சல், கல்யாணம், இரவுப் பணி, வெறும் சோம்பல் எல்லாம் கழிந்தபின் ஐந்தில் இரண்டு பங்கு தேறும் என்பது என் அனுபவம், அதாவது 2,160. அந்த எண்ணுக்குச் சற்றுக் கீழே ஒரு சேருமிடத்தைத் தேடுங்கள்.

காசி இதற்குப் பொருத்தமாக அமைந்தது. காசியையும் கன்னியாகுமரியையும் இணைத்த பழைய தேசிய நெடுஞ்சாலை 7இன் நீளம் 2,369 கிலோமீட்டர். அது சேலத்தின் வழியாகவே போனது. இங்கிருந்து காசி, போகும் வழியைப் பொறுத்து, 1,900 முதல் 2,000 கிலோமீட்டர். நாங்கள் 2,000 என்று நிலைப்படுத்தி முதல் நாளே அறிவித்தோம். எண்ணை இடையில் மாற்றக் கூடாது என்பதே முக்கியம். கைபேசி வரைபடம் ஒவ்வொரு நாளும் ஒரு தூரத்தைக் காட்டும், அதைப் பார்த்து யாராவது விவாதத்தைத் தொடங்குவார்.

பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழு என்றால் தெற்கே திரும்புங்கள். நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரி ஏறக்குறைய 480 கிலோமீட்டர். மேலே சொன்ன அதே கணக்குப்படி அவர்களுக்கு 576 தேறும்.

அடுத்து, நிறுத்தங்களைக் குறியுங்கள். காசி வழியில் பெங்களூரு ஏறக்குறைய 200ஆம் கிலோமீட்டர், ஹைதராபாத் 770, நாக்பூர் 1,270, ஜபல்பூர் 1,550. நகரங்களைவிட ஆறுகள் நல்ல நிறுத்தங்கள் என்பது என் எண்ணம். காவேரிப்பட்டினத்தில் தென்பெண்ணை, கர்னூலில் துங்கபத்திரை, அதைத் தாண்டிக் கிருஷ்ணா, நிர்மலுக்கு அருகே கோதாவரி, ஜபல்பூருக்கு அருகே நர்மதை, கடைசியில் கங்கை. “இன்றிரவு கோதாவரியைக் கடக்கிறோம், இன்னும் 18 கிலோமீட்டர் குறைகிறது” என்று ஒரு செய்தி போனால், சாப்பிட்டுப் படுக்கப் போன மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்குகிறார்.

6. எதைக் கிலோமீட்டராக ஏற்பது என்பதை எழுதி வையுங்கள்

விதிகள் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். ஆனால் பயணம் தொடங்குமுன் எழுதப்பட்டிருக்கட்டும். ஒருவர் கேட்ட பிறகு எழுதும் விதி, அவரைக் குறிவைத்து எழுதியதாகவே தோன்றும்.

நடையும் ஓட்டமும் ஒன்றுக்கு ஒன்று. மிதிவண்டியை நாங்கள் மூன்று கிலோமீட்டருக்கு ஒன்று என்று ஏற்றோம். இது எங்கள் முடிவு, நீங்கள் வேறு விகிதம் வைக்கலாம். விகிதமே இல்லாமல் விட்டால், ஒரே ஒரு மிதிவண்டிக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பத்துப் பேரின் வார உழைப்பை அள்ளிக்கொண்டு போவார்.

ஏற்காட்டு மலைப்பாதையில் ஏறுபவர்கள் கூடுதல் மதிப்புக் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். மலையேறுவோர் பழங்காலமாய்ப் பின்பற்றும் கணக்கில், 600 மீட்டர் ஏற்றம் சமதளத்தில் 5 கிலோமீட்டர் நடக்கும் நேரத்தைக் கேட்கும். இருந்தும் நாங்கள் கூடுதல் மதிப்புத் தரவில்லை. தந்தால், மலைச்சாலையில் கூட்டம் சேரும். அந்தச் சாலையில் பேருந்தும் சுற்றுலா வண்டிகளும் வளைவில் திரும்பும்போது ஓரமாக நடப்பவருக்கு ஒதுங்க இடமில்லை. மாலை மங்கினால் காட்டெருமை இறங்கும் இடங்களும் உண்டு. காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதைகளில் வனத்துறை அனுமதியின்றி நுழையவே கூடாது. நம் பயணத்தால் யாரும் வழக்கத்துக்கு மாறான ஓர் இடத்தில் நடக்கத் தூண்டப்படக் கூடாது.

ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர் என்று உச்சவரம்பு வையுங்கள். முதல் முறை வைக்கவில்லை. இருவர் போட்டி போட்டு, ஒருவர் பாதத்தில் கொப்புளத்தோடும் இன்னொருவர் முழங்கால் வீக்கத்தோடும் இரண்டாம் வாரமே உட்கார்ந்துவிட்டார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கொப்புளம் சிறிய விஷயமல்ல. தினமும் பாதத்தைப் பார்க்கும்படியும், வெறுங்காலில் நடக்க வேண்டாம் என்றும் விதித்தாளிலேயே எழுதுங்கள்.

அளவையில் வரும் பிழைகள்

கைபேசியின் ஜிபிஎஸ் நேரான சாலையில் நன்றாக அளக்கும். கொண்டை ஊசி வளைவில் இரண்டு புள்ளிகளுக்கிடையே நேர்க்கோடு போட்டுத் தூரத்தைக் குறைக்கும்; அடர்ந்த மரத்தடியிலும் பாறைச் சுவரின் ஓரத்திலும் புள்ளிகள் சிதறித் தூரத்தைக் கூட்டும். இந்த வேறுபாட்டை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். திருத்தப் புகுந்தால் முடிவே இராது.

மைதானத்தில் நடப்பவர்கள் “இரண்டரைச் சுற்று ஒரு கிலோமீட்டர்” என்று எழுதுவார்கள். 400 மீட்டர் என்பது உள்விளிம்பிலுள்ள முதல் தடத்தின் அளவு. எட்டாம் தடத்தில் ஒரு சுற்று ஏறக்குறைய 453 மீட்டர். காலையில் பேசிக்கொண்டே நடப்பவர்கள் வெளித்தடத்தில்தான் நடப்பார்கள். ஆகவே அவர்கள் குறைத்து எழுதுகிறார்கள், கூட்டி எழுதவில்லை. தெரிந்தால் மகிழ்வார்கள்.

அடி எண்ணிக்கையை மட்டும் காட்டும் கைபேசி என்றால், முதல் தடத்தில் ஒரு சுற்று நடந்து எத்தனை அடி என்று எண்ணச் சொல்லுங்கள். 570 அடி வந்தால் ஓர் அடி ஏறத்தாழ 70 சென்டிமீட்டர், கிலோமீட்டருக்கு 1,430 அடி. ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் பொதுவான எண் ஒன்றை எல்லாருக்கும் போடாதீர்கள்.

மிகவும் அடிக்கடி வரும் பிழை ஏமாற்று அல்ல, மறதி. நடை முடிந்ததும் செயலியை நிறுத்தாமல் வண்டியில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்கள். நடைக் கணக்கில் 9 கிலோமீட்டர் கூடிவிடும். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் காட்டும் நடைப் பதிவுகளைத் தனியே எடுத்து, “செயலி நிறுத்த மறந்ததா?” என்று மட்டும் கேளுங்கள். அந்தச் சொற்களிலேயே கேளுங்கள், “பொய்யா?” என்ற வாடை வந்தால் ஆளை இழப்பீர்கள்.

7. பணத்தைத் தூரத்தோடு இணைக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள்

“நீ நடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பத்து ரூபாய் தருகிறேன்” என்ற முறை கேட்க அழகானது, வசூலிக்கக் கடினமானது. மாமா ஐம்பது கிலோமீட்டர் என்று நினைத்து வாக்குக் கொடுக்கிறார். மருமகள் 240 நடந்துவிட்டுப் போய் நிற்கிறாள். இருவருக்கும் சங்கடம். இந்த முறைதான் வேண்டுமென்றால் உச்சத் தொகையையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு உகந்தது, பாதையின் கிலோமீட்டர்களை நன்கொடையாளர் பெயரில் எழுதும் முறை. 2,000 கிலோமீட்டர், ஒவ்வொன்றுக்கும் நூற்று மூன்று ரூபாய். எந்தக் கிலோமீட்டர் வேண்டும் என்பதை அவர்களே சொல்லலாம். திருமண நாள், பழைய வீட்டு எண், பேத்தி பிறந்த தேதி என்று கேட்டு வாங்குகிறார்கள்; ஆற்றுப் பாலங்கள் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. பணம் முன்பே வந்துவிடுவதால் பின்னால் துரத்த வேண்டியதில்லை. குழு அந்தக் கிலோமீட்டரைத் தொடும் நாளில் கொடுத்தவருக்கு ஒரு செய்தி போகும். அவர் அதை இன்னும் பத்துப் பேருக்கு அனுப்புவார், அதிலிருந்து அடுத்த நன்கொடை வரும்.

இதில் ஒரு குழப்பத்துக்கு இடமுண்டு. எழுதிக் கொடுத்த கிலோமீட்டர் வேறு, நடந்த கிலோமீட்டர் வேறு. இரண்டையும் ஒரே தாளில் வைத்தால், 1,200 எழுதியாகிவிட்டது என்பதை 1,200 நடந்தாகிவிட்டது என்று யாரோ படித்து அறிவித்துவிடுவார்கள். இரண்டு தாள், இரண்டு நிறம்.

பனியன், பதக்கம் பற்றி: வேண்டாம் என்பது என் கருத்து. கொடுத்தே தீர வேண்டுமென்றால், அதன் விலையை நடப்பவரிடம் தனியாக வாங்குங்கள், வேறு கணக்கில் வையுங்கள். பொருளைப் பெற்றுக்கொண்டு கொடுக்கும் பணம் நன்கொடை ஆகாது. அதற்கு நன்கொடை ரசீது கேட்கவும் கூடாது. பதிவுக் கட்டணத்தில் பெரும்பகுதி பனியனுக்கே போய்விட்ட ஒரு குழுவை அறிவேன். அவர்கள் நேர்மையானவர்கள், ஆனால் ஊர் அப்படிப் பேசவில்லை.

8. பதிவுப் படிவமும் தாள்களும்

படிவத்தில் பெயர், கைபேசி எண், அவசரத்துக்கு அழைக்க ஓர் எண், எந்த வகையில் தூரத்தை அளப்பார், பெயரை வெளியிடலாமா ஆகிய ஐந்தே கேள்விகள் போதும். வயதையும் எடையையும் கேட்டு நீங்கள் செய்யப்போவது ஒன்றுமில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழானவர் பெற்றோரின் எண்ணில் பதிய வேண்டும்.

ஸ்ட்ராவா போன்ற செயலிகள் நடந்த வழியை வரைபடமாகக் காட்டும். நடை வீட்டு வாசலில் தொடங்குவதால் வீடும் தெரிந்துவிடும். தொடக்க, முடிவு இடங்களை மறைக்கும் வசதி அமைப்புகளில் உண்டு. அதை எப்படிப் போடுவது என்று பதிவு நாளிலேயே காட்டிக் கொடுங்கள், பெண்களுக்கு மட்டுமல்லாமல் எல்லாருக்கும். அதிகாலையில் தனியாக எந்த வழியில் போகிறோம் என்பதைப் பொதுவில் வைக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

இன்னொரு செய்தி: ஸ்ட்ராவா குழுவின் முன்னணிப் பட்டியல் வாரந்தோறும் புதிதாகத் தொடங்கும். அதைப் பார்த்து மொத்தத்தை எழுதலாம் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் விரிதாளே மூலம். அதில் நாள், பெயர், வகை, தூரம், ஏற்றவர் என ஐந்து பத்திகள் இருக்கட்டும்.

9. ஒத்திகை வாரம்

தொடங்குவதற்கு முந்தைய வாரம் பத்துப் பேரை மட்டும் வைத்து நடத்திப் பாருங்கள். தூரம் கணக்கில் சேராது என்று சொல்லிவிடுங்கள். அன்றாடத் தூரத்தை அனுப்பும் படிவத்தில் மீட்டரில் எழுதுபவர், நேற்றையதையும் சேர்த்து மொத்தமாக எழுதுபவர், ஒரே நடையைக் காலையிலும் இரவிலும் அனுப்புபவர் என்று எல்லா வகையும் இந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். படிவத்தில் “இன்று மட்டும், கிலோமீட்டரில்” என்ற வரியைச் சேர்த்தது இப்படித்தான்.

10. முப்பது நாட்கள்

அன்றாடத் தூரத்தை இரவு ஒன்பது மணிக்குள் அனுப்ப வேண்டும். விட்டுப்போனதை ஞாயிறு இரவு வரை சேர்க்கலாம். திங்கள் காலை தாள் மூடப்படும். மூடிய வாரத்தைத் திறக்காதீர்கள். இரக்கப்பட்டு ஒருவருக்காகத் திறந்தால், அறிவித்த மொத்தம் மாறும். மொத்தம் மாறினால் நேற்று கடந்த ஆற்றை இன்று மறுபடி கடக்க வேண்டியிருக்கும்.

திங்களன்று ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: குழு எங்கே நிற்கிறது, எவ்வளவு பணம் வங்கியில் உறுதியானது, அடுத்த நிறுத்தம் எது. உறுதியாகாத பணத்தைச் சேர்க்காதீர்கள். முதல் பத்து நடையாளர் பட்டியலை நாங்கள் இரண்டாம் முறை நிறுத்திவிட்டோம். பட்டியலில் இல்லாதவர்கள் மெல்ல விலகினார்கள். மாறாக, அந்த வாரம் முதன்முறையாக அனுப்பியவர்களின் பெயரைப் போட்டபோது விலகியிருந்தவர்கள் திரும்பினார்கள்.

பன்னிரண்டாம் நாளிலிருந்து பதினெட்டாம் நாள் வரை தொய்வு வரும், எங்களுக்கு ஒவ்வொரு முறையும் வந்தது. அதற்கென்று ஒரு கூட்டு நடையை வையுங்கள். மூக்கனேரிக் கரை போன்ற போக்குவரத்து குறைந்த இடத்தில், அதிகாலையில், சிறு குழுக்களாக. பெருங்கூட்டமாகச் சாலையில் போவதென்றால் காவல்துறை அனுமதி கேட்க வேண்டும். அதைத் தவிர்ப்பதற்குத்தானே மெய்நிகராக நடக்கிறோம்.

மலைக்கிராமங்களில் இருப்பவர்களுக்குப் படிவமும் செயலியும் உதவாது. சிக்னல் கிடைக்கும் திருப்பத்துக்கு வரும்போதுதான் அவர்கள் பேச முடியும். அவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். வீட்டிலிருந்து பள்ளி, கடை, பேருந்து நிறுத்தம் ஆகிய மூன்று தூரங்களை ஒருமுறை வண்டியின் மீட்டரில் அளந்து முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். பிறகு எத்தனை தடவை போய்வந்தார்கள் என்று கோடு போட்டால் போதும். ஞாயிறு மாலை தொடர்பாளர் அழைத்துக் கேட்டு எழுதிக்கொள்வார். எங்கள் மூன்றாம் பயணத்தில் உச்சவரம்பை அதிக நாட்கள் தொட்டவர் நாகலூர்ப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்குப் போய்வந்த ஓர் அம்மா. அவரிடம் செயலியும் இல்லை, நடைப்பயிற்சிக் காலணியும் இல்லை.

11. முடிக்கும் வாரம்

முப்பதாம் நாள் காசியை எட்டவில்லையென்றால் நாட்களை நீட்டாதீர்கள். எங்கே நிற்கிறீர்களோ அதைச் சொல்லுங்கள். கிலோமீட்டர்களை எழுதிக் கொடுத்தவர்களின் பணம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது, அது நிற்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முன்பே எட்டிவிட்டால், மீதி நாட்களுக்குத் திரும்பும் பயணம் என்று வையுங்கள். புதிய இலக்கு வைத்துப் புதிதாகப் பணம் கேட்க வேண்டாம்.

அதன்பின் பத்து நாளுக்குள் பணக் கணக்குத் தாளை அமைப்பின் வங்கிப் பட்டியலோடு வரிக்கு வரி ஒத்துப் பார்த்து, மொத்தம், செலவு, செலவை யார் ஏற்றார்கள் என்று ஒரு பக்கக் கணக்கை வெளியிடுங்கள். நன்கொடையிலிருந்து ஒரு ரூபாய்கூடச் செலவுக்கு எடுக்கவில்லையென்றால் அதைச் சொல்லுங்கள். எடுத்திருந்தால் எதற்கு என்று சொல்லுங்கள். காசோலையைப் பெரிய அட்டையில் அச்சிட்டுக் குழந்தைகளை அருகில் நிறுத்திப் படமெடுக்காதீர்கள். பணம் நேராகப் போய்விட்டதால் காசோலையே இல்லை. உதவி பெறும் பிள்ளையின் முகம் நம் விளம்பரத்துக்கு உரியதும் இல்லை.

ரசீதுகள் மே இறுதிக்குள் போய்ச் சேர்ந்தனவா என்று தொடர்பாளர் ஒருமுறை விசாரிக்க வேண்டும். அமைப்பு ஒப்புக்கொண்ட மாதத்தில் செலவு விவரம் வந்ததும், அதைக் கொடுத்தவர் அனைவருக்கும் அனுப்புங்கள். அது போய்ச் சேர்ந்த பிறகு, கைபேசி எண்கள் உள்ள தாளையும் அவசர எண்கள் உள்ள படிவத்தையும் அழித்துவிட்டு, வாட்ஸ்ஆப் குழுவில் அழித்துவிட்டதாக ஒரு வரி எழுதிவிட்டுக் குழுவை மூடுங்கள்.